மறு: வானொலிக்குள் இருக்கும் ஏரியலுக்கு ஒரு பெயர்

வணக்கம்.

> ஒலிவாங்கி இருக்கிறது. இதற்கு 'உள்வாங்கி' என்று வைத்தால் என்ன?

அண்ணே, கடல் உள்வாங்கியது என்று செய்தியில் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒட்டவில்லை. அதோடு, ஏரியல் உள்ளே இருப்பது பெரிய சேதி இல்லை. அது எப்படிக் கிடக்கிறது என்பதுதான் சேதி. அது கம்பிச் சுருள் சுற்றிய ஒரு ஃபெரைட் கோல். கோல் படுக்கையாக இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் ஒலி பலமாக வரும், நுனி பார்த்தால் அடங்கிவிடும். அதனால் என் பரிந்துரை 'அலைக்கோல்'. நுனி காட்டும் அந்தத் திசைக்குக் 'கேளாத்திசை'.

இன்னொருவர் சொன்ன 'இரும்புக்கோல்' வேண்டவே வேண்டாம். ஃபெரைட்டில் இரும்பு ஆக்சைடு இருப்பது உண்மைதான், ஆனால் அது சூளையில் சுட்டெடுத்த பொருள். கீழே விழுந்தால் மண்சட்டி மாதிரி இரண்டாகும். இரும்பு என்று படித்தவன் திருகாணியை இறுக்கத்தான் பார்ப்பான்.

நானே அப்படிச் செய்தவன். சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ல் மூடப்படுவதற்கு முன் அங்கே ஒரு பழைய டிரான்சிஸ்டர் பெட்டி வாங்கினேன். கோலைப் பிடித்திருந்த ரப்பர் வளையங்கள் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்துப் போயிருந்தன. கெட்டியாக இருக்கட்டும் என்று இரண்டு பித்தளை வளையங்களை மாட்டினேன். கோல் ஆடவில்லை, மத்திய அலையும் (மீடியம் வேவ்) வரவில்லை! மூடிய உலோக வளையம் கோலைச் சுற்றி ஒற்றைச் சுற்றுச் சுருளாகி, குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) போல ஆற்றலைத் தின்றுவிடும். இது தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. புது ரப்பர் வளையம் போட்டதும் இரவில் தூரத்து நிலையங்கள் திரும்பி வந்தன. (இங்குள்ள தமிழ் வானொலியான ஒலி 96.8க்கு இந்தக் கோல் உதவாது, அது பண்பலை. ரெடிஃபியூஷன் கம்பிவழி வானொலி கேட்டு வளர்ந்த வீட்டாருக்கோ ஏரியலே தேவைப்பட்டதில்லை, கம்பியிலேயே வந்துவிடும்.)

ஆகவே பிடிக்கும் உறுப்பைக் 'கவ்வி' என்று எழுதாதீர்கள். கவ்வி என்றால் பல்லும் உலோகமும்தான் நினைவுக்கு வரும். 'கோலேந்தி' என்போம்.

கோல்மேல் நகரும் சுருளுக்குப் புதுச்சொல் தேவையில்லை, 'நகர்சுருள்' போதும். நடுவுக்குத் தள்ளினால் சுருளின் மின்தூண்டல் எண் (இண்டக்டன்ஸ்) கூடும், நுனிக்கு இழுத்தால் குறையும். இடம் சரியானதும் மெழுகு வைத்து நிறுத்துவார்கள். பழைய மெழுகைச் சுரண்டும் முன் பென்சிலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தெம்பனீஸிலிருந்து

---

> ஆகவே பிடிக்கும் உறுப்பைக் 'கவ்வி' என்று எழுதாதீர்கள்.

தம்பி, அலைக்கோல் சரி. உள்வாங்கியை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கோலேந்தி என்றதும் பழனி ஆண்டவர்தான் கண்முன் நிற்கிறார், 'கோல்தாங்கி' போதும். அப்புறம், பித்தளை வளையத்தை ஓரிடத்தில் வெட்டி இடைவெளி விட்டிருந்தால் சுற்று மூடியிருக்காதே? அந்த வெட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். பழைய பெட்டிகளில் மூடிக்குள் சட்டத்தில் கம்பி சுற்றிய வகை வேறு பாக்கி இருக்கிறது. 'சட்ட ஏரியல்' என்று எழுதினால் வக்கீல் வைத்திருப்பது என்பார்கள்.