நாலு பேருக்கு ஒரு சஹன்: கடையில் ஒரே தட்டா, தனித்தட்டா?

தோணித்துறை

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் 28 இருக்கை உள்ள ஒரு சின்ன பிஸ்ட்ரோவுக்கான கேள்வி. நம்ம கரையோரச் சமையலோடு லெபனான், துருக்கிப் பக்கச் சமையல் கலந்த பட்டியல். அதில் நாலு பேர் பகிர்ந்து சாப்பிடும் செட் ஒன்று: நெய்ச்சோறு, தாளிச்சா, முண்டு மிளகாய் தடவிச் சுட்ட முழு விளமீன், கணவாய் வறுவல், நண்டு மசாலா, ஹம்மஸ் (கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைத்தது), சுட்ட கத்தரிக்காய் மசியல், தயிர்-வெள்ளரிச் சட்னி, கடைசியில் வட்டிலப்பம். கல்யாணப் பந்தி போல எல்லாவற்றையும் ஒரே சஹனில் (பலர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) வைப்பதா, நடுவில் கிண்ணங்களை வைத்து ஆளுக்கொரு தட்டு போடுவதா? சமையற்கட்டும் பந்தியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்திக்கட்டு

ஒரே சஹன்தான். அதை எடுத்துவிட்டால் இந்த செட்டுக்கு நம்ம ஊர் என்று சொல்ல என்ன இருக்கிறது? தனித்தட்டில் நெய்ச்சோறு எந்த ஊரிலும் கிடைக்கும்.

அளவு சொல்கிறேன். நாலு பேருக்கு சீரகசம்பா 500 கிராம், நெய் 80 கிராம். அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து வடித்துவிட வேண்டும். ஊறிய அரிசி ஒரு பங்குக்கு ஒன்றே முக்கால் பங்கு நீர், அதில் பாதி இரண்டாம் தேங்காய்ப்பால். முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும், அடியும் பிடிக்கும். வெந்த சோறு சுமார் 1.4 கிலோ வரும். கறியும் மீனும் இருக்கும் செட்டுக்கு அது போதும், மறுசோறு கேட்டால் தனியாக 300 கிராம் வையுங்கள்.

உட்கார்ந்தவர்கள் தன் முன்னால் இருப்பதை மட்டும் எடுப்பது சஹனின் ஒழுங்கு. நாலு பேர் கை ஒரே இடத்தில் மோதும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது தவறு. கால் வட்டம் ஆளுக்கு, நடுவில் பொதுவான மீனும் கறியும்.

உப்பங்கழி

பந்திக்கட்டு காக்கா (அண்ணன்), ஒழுங்கு தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். கடைக்கு வருபவர்கள் அப்படி இல்லை. ராமேஸ்வரம் போய்த் திரும்பும் குடும்பம், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், மதுரையிலிருந்து வண்டியில் வந்த நண்பர்கள். அதில் ஒருவர் சைவம், ஒருவருக்கு இறால், நண்டு ஒவ்வாது. நண்டு மசாலா சோற்றில் ஓடிய தட்டில் அவர் எங்கே கை வைப்பார்? நீங்கள் சொல்லும் கால் வட்டம் மசாலாவுக்குத் தெரியாது.

அடுத்தது மேசை. சஹன் பாயில் உட்கார்ந்து சாப்பிட ஏற்பட்டது. தட்டு முழங்கால் உயரத்தில் இருந்தால்தான் கை தாராளமாகப் போய் வரும். 75 செ.மீ. உயர மேசையில் அதே தட்டு நெஞ்சுக்கு நேராக வந்துவிடும், முழங்கை அந்தரத்தில் நிற்கும். அகலமும் பாருங்கள்: 75 செ.மீ. சதுர மேசையில் 55 செ.மீ. சஹன் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 10 செ.மீ. தண்ணீர்க் குவளை எங்கே, முள் போடும் கிண்ணம் எங்கே?

சூடு இன்னும் மோசம். 1.4 கிலோ சோற்றை 50 செ.மீ. தட்டு முழுக்கப் பரப்பினால் ஒரு செ.மீ. கனம்தான் நிற்கும். மேலே மின்விசிறி ஓடினால் மீனைப் பிரித்து முடிப்பதற்குள் நெய் உறைந்து சோறு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும்.

அடுப்படி

சோற்றைப் பரப்பினால் ஆறும் என்பது சரி. அதற்காகச் சஹனையே விடத் தேவையில்லை, பரப்பாமல் குவிக்க வேண்டும். 45 செ.மீ. தட்டை எடுத்து, 30 செ.மீ. விட்டத்துக்குள் குவித்தால் கனம் 3 செ.மீ. ஆகிவிடும். தட்டைக் கொதிநீரில் முக்கித் துடைத்து, சூடாக எடுத்து வாருங்கள். மூடியோடு வந்து மேசையில் திறந்தால் இன்னும் நல்லது. மேசை 90 செ.மீ. இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 22 செ.மீ. கிடைக்கும். உயரத்தை 65 செ.மீ. ஆகக் குறைக்கத் தச்சரிடம் சொன்னால் போதும்.

எனக்கு இடிப்பது பட்டியல். தாளிச்சாவில் கத்தரிக்காய், மசியலிலும் கத்தரிக்காய். தாளிச்சாவில் கடலைப்பருப்பு, ஹம்மஸில் கொண்டைக்கடலை. நாலு பேர் நாலு வாய் சாப்பிட்டதும் எல்லாம் ஒரே மாவு மாதிரி ஆகிவிடும். மசியலை எடுத்துவிடுங்கள். தாளிச்சாவில் மாங்காயும் சுரைக்காயும் நிற்கட்டும், அந்தப் புளிப்பு நெய்ச்சோற்றை அறுக்கும். ஹம்மஸை வைத்துக்கொள்ளலாம், எள் விழுது விஷயத்தில் கவனம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறும் முன்பே இறக்கி அரைக்க வேண்டும். தோலோடு அரைத்தால் கசக்கும், நல்லெண்ணெய் ஊற்றிச் சமாளித்தால் ஹம்மஸ் இட்லிப்பொடி மாதிரி மணக்கும்.

கணவாய்க்கு நேரம்தான் எல்லாம். நல்ல சூட்டில் 2 நிமிடம், அதற்கு மேல் போனால் ரப்பர். அப்படித் தவறிவிட்டால் மூடி போட்டு 40 நிமிடம் வேகவிட்டால்தான் மறுபடி இளகும், இடைப்பட்ட நேரத்தில் எதுவும் உருப்படாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஒன்றாக வைக்கும் செட்டில் கணவாய்தான் முதலில் கெடும், ஏனென்றால் மீன் சுட 20 நிமிடம் ஆகும், அதற்குள் கணவாயைச் செய்துவைத்து விடுவார்கள். மீன் அடுப்பை விட்டு இறங்கிய பிறகு கணவாய்ச் சட்டி ஏற வேண்டும்.

உப்பங்கழி

அடுப்படி அண்ணன் தட்டின் சூட்டைச் சரிசெய்துவிட்டார், ஒப்புக்கொள்கிறேன். கணவாயைப் பற்றி அவர் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் என்றால், ஒவ்வொன்றாக வரட்டும். முதலில் ஹம்மஸும் ரொட்டியும், பிறகு கணவாய், பிறகு சோறும் மீனும். கிண்ணத்தில் வந்தால் நாலு பேரும் பகிர்ந்துதானே சாப்பிடுகிறார்கள்?

நண்டைச் சோற்றில் வைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஓடு சிதறிச் சோற்றுக்குள் போனால் பல்லில் படும், தொண்டையிலும் குத்தும். நண்டு தனிக் கிண்ணத்தில் வர வேண்டும், பக்கத்தில் ஓடு போட ஒரு தட்டு, எலுமிச்சை போட்ட வெந்நீர். சமைத்த நண்டில் சதை மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால், நாலு பேருக்கு ஒரு கிலோ வாங்கினாலும் ஆளுக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடிதான்.

பந்திக்கட்டு

நண்டைப் பொறுத்தவரை முழுச் சம்மதம். சஹனில் நண்டு வைக்கும் வழக்கமே இல்லை, அது பட்டியல் போட்டவர் செய்த பிழை. ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அவருக்குத் தனித்தட்டு கொடுப்பதிலும் தப்பில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் ஆள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

ஆனால் ஒவ்வொன்றாக வருவதை ஒப்பமாட்டேன். ஹம்மஸும் ரொட்டியும் முதலில் போனால் பசி அங்கேயே அடங்கிவிடும். பிறகு வரும் நெய்ச்சோறு பாதி மிஞ்சும். சஹனில் சோறுதான் நடு, மற்றதெல்லாம் அதற்குத் துணை.

துண்டுக் கணக்கு பற்றி யாரும் பேசவில்லை. பகிர்ந்து சாப்பிடும் செட் எங்கே கெடுகிறது என்றால் இங்கேதான். நாலு பேருக்கு ஆறு துண்டு வைத்தால் கடைசி இரண்டைத் தொட எவருக்கும் மனம் வராது. ஒருவர் எடுத்தால் மற்றவர் முகம் பார்ப்பார். எட்டு வையுங்கள், இல்லையென்றால் நாலு. கறித் துண்டாக இருந்தால் எலும்போடு 50 கிராமில் எட்டு. ஆறு என்பது செலவையும் மிச்சப்படுத்தாது, ஏனென்றால் அந்த இரண்டும் குப்பைக்குத்தான் போகும்.

பாம்பன்காற்று

முழு மீன் வைத்தால் துண்டுச் சண்டையே இல்லை. ஆனால் கணக்கு வேண்டும். 1.2 கிலோ விளமீனைச் செதிலும் குடலும் நீக்கினால் சுமார் ஒரு கிலோ. தலை, முள் போக உண்ணும் சதை பாதியைக்கூடத் தொடாது. சுட்ட பிறகு ஆளுக்கு 110 கிராம் கிடைத்தால் நல்ல கணக்கு. 900 கிராம் மீனை நாலு பேர் செட்டுக்குக் கொடுத்தால் தட்டில் பெரிதாகத் தெரியும், வாய்க்கு வராது.

முண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அரைத்தால் தோல் செதில் செதிலாக நிற்கும். 12 மிளகாயை வெந்நீரில் 40 நிமிடம் ஊறவைத்து, ஆறு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, உப்போடு மைய அரைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கடைசியில். மீனுக்கு ஒரு பக்கம் மூன்று கீறல், முதலில் மெல்லிய பூச்சு. மீதி விழுதை மீன் பாதி வெந்த பிறகு தடவுங்கள். வெங்காயம் இருப்பதால் முதலிலேயே கனமாகப் பூசினால் மேலே கருகும், முள்ளோரம் பச்சையாக இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் என்று பட்டியலில் எழுதினால், கடையிலும் அதே மிளகாய்தான் இருக்க வேண்டும். சம்பா மிளகாயைப் போட்டுவிட்டு அந்தப் பேரை எழுதக்கூடாது.

மீன் வரத்து பற்றியும் ஒன்று. பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. ஒரே அளவு விளமீன் தினமும் வரும் என்று நம்பிப் பட்டியல் அச்சடித்தால் அந்த இரண்டு மாதம் ஐஸ் மீனைத்தான் கொடுக்க வேண்டிவரும். பட்டியலில் மீன் பெயரை விட்டுவிட்டு “இன்றைய முழு மீன்” என்று போட்டு, எடையைப் பலகையில் எழுதுங்கள்.

உப்பங்கழி

தயிர்-வெள்ளரிச் சட்னியை ஏன் யாரும் கேட்கவில்லை? மீனோடு தயிர் சேர்க்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் இந்தக் கரையில் நிறைய. அவர்களை வாதாடி மாற்றுவது கடையின் வேலை இல்லை. ஒரே சஹனில் தயிரை ஊற்றிவிட்டால் வேண்டாம் என்பவருக்கு வழியே கிடையாது, தனிக் கிண்ணம் என்றால் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடலாம். தயிருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலில் பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்து அரைத்த சட்னி அதே குளிர்ச்சியைத் தரும்.

அடுப்படி

அக்கா, தேங்காய்ப்பால் சட்னி நல்ல யோசனை. ஆனால் இந்த வெயிலில் அதுவும் ஹம்மஸும் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. சிறு சிறு கிண்ணமாகக் குளிர்பெட்டியில் வைத்து, மேசைக்குக் கேட்டபோது எடுங்கள். பூண்டு போட்ட மிளகாய் எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் கடைகள் உண்டு, அது ஆபத்து. எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடக்கும் பூண்டில் உயிருக்கே உலை வைக்கும் நச்சுக் கிருமி வளரும். அதுவும் குளிர்பெட்டிக்குத்தான் போக வேண்டும், சில நாளில் தீர்த்துவிட வேண்டும்.

வட்டிலப்பம் நாலு சின்னக் குவளையில். ஆறு முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால் 300 மி.லி., கருப்பட்டி 250 கிராம், ஏலக்காய். கருப்பட்டியை அரை டம்ளர் நீரில் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடிகட்டி, முழுக்க ஆறிய பிறகுதான் முட்டையில் ஊற்ற வேண்டும். மெல்லிய ஆவியில் குவளைக்கு 20 நிமிடம், மேலே துணி கட்டி. நீர் தளதளவென்று கொதித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக விழுந்து தண்ணீர் பிரியும்.

தோணித்துறை

வட்டிலப்பத்துக்குப் பதில் தேங்காய்ப்பால் பானகோட்டாவும் மேலே நுங்கும் வைக்கலாம் என்று ஒரு எண்ணம். நுங்குக் காலத்துக்கு மட்டும். அதை இறுகவைக்க ஜெலட்டினா, கடல்பாசியா?

பாம்பன்காற்று

கடல்பாசி. மண்டபம் கரையில் பாசி எடுக்கும் ஊரில் வேறு எதற்கு? ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகும், சமையற்கட்டிலிருந்து மேசைக்கு வருவதற்குள் மே மாதத்தில் தொய்ந்துவிடும். எதிலிருந்து எடுத்தது என்ற கேள்வியும் வரும், ஹலால் பார்ப்பவரும் சைவரும் இரண்டு பேருமே தொடமாட்டார்கள். கடல்பாசி ஒருமுறை இறுகினால் 85 டிகிரி வரை உருகாது. 500 மி.லி. பாலுக்குத் தூள் 3 கிராம், இரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும், வெறும் சூடு போதாது. எலுமிச்சை சேர்ப்பதானால் இறக்கிய பிறகு; புளிப்போடு கொதித்தால் இறுகாது.

பந்திக்கட்டு

இனிப்பு எப்படியும் போகட்டும், அது குவளையில்தான். சோறும் மீனும் தாளிச்சாவும் என்ன ஆச்சு? என் கடைசி வார்த்தை: 45 செ.மீ. சஹன், நடுவில் குவித்த நெய்ச்சோறு, மேலே முழு மீன். தாளிச்சாவைத் தட்டில் ஊற்றாமல் மூக்குள்ள பாத்திரத்தில் கொண்டுவந்து, பரிமாறுபவர் கேட்டு ஊற்ற வேண்டும். மீனின் நடுமுள்ளைப் பரிமாறுபவரே இரண்டு கரண்டியால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கணவாய், ஹம்மஸ், சட்னி, நண்டு எல்லாம் கிண்ணத்தில்.

உப்பங்கழி

அப்படியென்றால் ஒன்பது உருப்படியில் சஹனுக்குள் இருப்பது இரண்டுதான், காக்கா. அதற்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவருக்குத் தனித்தட்டு எடுத்துக்கொடுக்கப் பரிமாறுபவர் கையருகில் நாலு தட்டு தயாராக இருக்க வேண்டும், முகம் சுளிக்காமல். மூன்று பேராக வருபவர்களுக்கு நாலு பேர் செட்டைத் தலையில் கட்டக்கூடாது. இரண்டு பேர் செட் ஒன்று, அதோடு ஆளுக்கு 125 கிராம் அரிசி, ஒரு துண்டு மீன் என்று ஏற்றிக்கொள்ளும் வழி இருந்தால் சரி.

பந்திக்கட்டு

மூன்று பேருக்கு முழு மீன் 900 கிராம் போதும், துண்டு வேண்டாம். துண்டு வந்தாலே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.