இரண்டு வடிகட்டிகளைச் சேர்த்ததும் கணக்கு ஏன் தவறுகிறது?

வணக்கம். மின்னணுவியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். மூன்று நாட்களாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

1.6 கிலோ ஓம் மின்தடை, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கொண்டு ஒரு தாழ் அதிர்வெண் வடிகட்டி (தாழ்ந்த அதிர்வெண்களை விட்டு, உயர்ந்தவற்றைக் குறைக்கும் சுற்று) செய்தேன். வெட்டு அதிர்வெண், அதாவது கடத்தலுக்கும் தடுப்புக்கும் இடையிலான எல்லை, ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ். அங்கே 1 வோல்ட் சைன் அலை கொடுத்தால் வெளியே 0.7 வோல்ட். 3 டெசிபல் இழப்பு, பாடத்தில் உள்ளபடியே.

அந்த எல்லைக்கு மேல் வீச்சு குறையும் சரிவு போதவில்லை என்று அதே மதிப்புகளில் இன்னொரு கட்டத்தைப் பின்னால் இணைத்தேன். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.5 வர வேண்டும் அல்லவா? அலைகாட்டியில் 0.33தான். மின்தேக்கிகள்மீது சந்தேகப்பட்டு மாற்றியும் பார்த்தேன் (பாவம், அவற்றின்மீது குற்றமில்லை). பிறகுதான் நடுப்புள்ளியை அளந்தேன்: முதல் கட்டத்தின் வெளியீடே 0.47-க்கு இறங்கியிருக்கிறது.

இரண்டாம் கட்டத்தை 16 கிலோ ஓம், 0.01 மைக்ரோஃபாரட் என மாற்றியதும் 0.48-க்கு அருகில் வந்துவிட்டது. ஆகவே பின்கட்டம் முன்கட்டத்திலிருந்து மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதுவரை புரிகிறது. பரிமாற்றச் சார்பை (வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும் உள்ள விகிதத்தை) எழுதினாலும், அந்தப் பின்னத்தின் பகுதியில் நடு உறுப்பில் 2-க்குப் பதில் 3 வருகிறது.

புரியாதது இதுதான்: வீச்சு இவ்வளவு குறைந்தும் உள்ளீட்டு, வெளியீட்டு அலைகளுக்கு இடையிலான கட்ட வேறுபாடு (phase) மட்டும் அதே 90 பாகையில் நிற்பது எப்படி? சமன்பாடு வேண்டாம், இயற்பியலாகச் சொல்லுங்கள். பத்து மடங்கு மின்தடை நடைமுறையில் போதுமா, இடையில் இரு கட்டங்களையும் பிரிக்க ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) வைத்தே தீர வேண்டுமா?