'தி பிரிசனர்' எண் 6 பேட்ஜ்: அளவு, அச்சு, அழுத்துவதில் சந்தேகங்கள்

டர்பன்_கைவேலை

வணக்கம். 1967-ல் வந்த 'தி பிரிசனர்' உளவுத் தொடரில் கதாநாயகனை அடைத்து வைத்திருக்கும் கிராமத்து ஆட்கள் பலரும் குத்தியிருக்கும் வெள்ளை பட்டன் பேட்ஜை அப்படியே செய்ய வேண்டும். கறுப்பில் கூரை வைத்த பெரிய சக்கர மிதிவண்டி, அதன் மேல் சிவப்பில் எண். டிவிடி-யிலிருந்து படம் எடுத்து வரைந்தால் சக்கரம் முட்டை வடிவமாகிறது. அச்சில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு விழுகிறது. அழுத்திய பிறகு ஓரமெல்லாம் சுருக்கம். பேட்ஜின் விட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_வரைகலை

முட்டை வடிவத்துக்குக் காரணம் டிவிடி. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை வட்டில் படம் 720×576 புள்ளிகளாகப் பதிவாகியிருக்கும். அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை, அகலம் சற்றுக் கூடியவை. மென்பொருள் அவற்றைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் படம் குறுகி நெட்டையாகிவிடும். உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 768 ஆக்குங்கள், வட்டம் வட்டமாகிவிடும். ப்ளூ-ரே கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. 35 மி.மீ படச்சுருளில் எடுத்த தொடர், கூர்மையும் அதிகம்.

எண் 6 எனப்படும் கதாநாயகன் முதல் பகுதியிலேயே தன் பேட்ஜைக் கழற்றி எறிந்துவிடுகிறார். ஆகவே அவர் நெஞ்சில் 6-ஐத் தேடி 17 பகுதிகளையும் ஓட்ட வேண்டாம். மிதிவண்டியின் வடிவத்தை மற்ற கிராமத்தார் பேட்ஜிலிருந்து எடுங்கள், எண்ணை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இணையத்தில் சுற்றும் பல வரைபடங்களில் கூரையை விட்டுவிடுகிறார்கள் அல்லது சக்கரத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். அவற்றை நம்ப வேண்டாம்.

பேட்ஜ் சாய்ந்திருந்தால் திரையில் நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டத்தின் நீளமான அச்சை மட்டும் அளந்து பாருங்கள், சாய்வால் குறையாதது அதுதான். அளவுகோலுக்கு அணிந்தவரின் கருவிழி போதும். பெரியவர்களுக்கு அது சராசரி 11.7 மி.மீ, ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. முகமும் நெஞ்சும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் சட்டகமாக (வீடியோவின் ஒரு நிலைப்படம்) பாருங்கள். உதாரணமாக பேட்ஜ் 212 புள்ளி, கருவிழி 44 புள்ளி என்றால் 212 ÷ 44 × 11.7 = 56.4 மி.மீ. கருவிழியை ஒரு புள்ளி தவறாக எண்ணினாலே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறும். விழியளவும் சிலருக்கு 11.2, சிலருக்கு 12.2 இருக்கும், அதற்கே 54 முதல் 59 வரை வந்துவிடும். எனவே மில்லிமீட்டருக்குச் சண்டை போடுவதில் பயனில்லை. உள்ளூரில் பேட்ஜ் அழுத்தும் அச்சு எந்த அளவில் இருக்கிறதோ, 56-ஓ 58-ஓ, அதை எடுங்கள். சக்கர விட்டத்துக்கும் பேட்ஜ் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் கண் முதலில் பிடிக்கும். அது தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் போலியாகத் தெரியும்.

வீடியோவில் நிறத்தின் நுணுக்கம் ஒளியின் நுணுக்கத்தில் பாதிதான், அதனால் சிவப்பு எண்ணின் ஓரம் எப்போதும் கசிந்தே தெரியும். பேட்ஜ் அசையாத 8–10 சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலை மதிப்பை எடுத்தால் படச்சுருளின் மணல் போன்ற பொரிவு குறையும். அதன்பின் எண்ணை அதன் மேலேயே வரையுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_அச்சகம்

வெள்ளைக் கோட்டுக்கு மருந்து நான் சொல்கிறேன். கறுப்பின் மேல் சிவப்பை நேராக அடித்தால் சிவப்பே தெரியாது, எனவே எண்ணின் வடிவத்தைக் கறுப்பிலிருந்து வெட்டி எடுத்திருப்பீர்கள். அது சரிதான். ஆனால் இயந்திரத்தில் நிறங்கள் 0.1–0.2 மி.மீ நகரும், அந்த இடைவெளிதான் வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பைச் சுற்றிலும் 0.15 மி.மீ பெருக்கிக் கறுப்புக்கு அடியில் நுழையுங்கள். பெருக்க வேண்டியது எப்போதும் வெளிர் நிறம்தான். கறுப்பைப் பெருக்கினால் எண் மெலிந்துவிடும்.

கறுப்பு, கறுப்பு மை ஒன்றில் மட்டும் 100 சதவீதம் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாகப் போனால் ஆரக்கம்பிகளின் ஓரத்தில் நீலமும் சிவப்புமாக நிழல் விழும். கடையில் கோப்பைக் கொடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" அமைப்பை அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் இரண்டு மூன்று சதவீதம் சுருக்கிவிடும். பக்கத்து ஓரத்தில் 50 மி.மீ கோடு ஒன்று போட்டு, அச்சான பிறகு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

திரையில் தெரியும் வெள்ளையையும் சிவப்பையும் அப்படியே உறிஞ்சி எடுக்க வேண்டாம். அதில் வெளிச்சமும் படச்சுருளின் சாயமும் கலந்திருக்கும். அதே சட்டகத்தில் வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நகல் தாளில் பெரும்பாலும் வெளுப்பூட்டி சேர்ந்திருக்கும், டர்பன் வெயிலில் அது நீலம் அடிக்கும். புற ஊதா டார்ச்சில் பளிச்சென்று நீலமாக ஒளிரும் தாளை ஒதுக்குங்கள்.

சாட்ஸ்வர்த்_பட்டன்

சுருக்கத்துக்குப் பெரும்பாலும் தாள்தான் காரணம். 80–100 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். 160-க்குப் போனால் விளிம்பு மடியாமல் அலையடிக்கும். 56 மி.மீ பேட்ஜுக்குத் தாளை 66–67 மி.மீ வட்டமாக வெட்ட வேண்டும். 58-க்கு ஏறக்குறைய 70, ஆனால் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், அதோடு வந்த வெட்டியையே பயன்படுத்துங்கள். முகத்தின் ஓரம் வளைந்து இறங்குவதால் படத்தை விளிம்பிலிருந்து 3 மி.மீ உள்ளே நிறுத்துங்கள்.

முதல் அழுத்தில் தகடு, தாள், மேலே வரும் தெளிந்த பிளாஸ்டிக் ஃபிலிம் மூன்றும் அச்சுக்குள் ஏறும். இரண்டாவதில் ஊசியுள்ள பின்தகடு பூட்டும். ஃபிலிம் மின்னூட்டத்தால் இரண்டாக ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு முறையும் விரலால் உரசிப் பிரியுங்கள். இரண்டு போனால் அச்சு இறுகி நின்றுவிடும், வலுவாக இழுத்தால் வளையம் கோணும். ஊசி கிடைமட்டமாக வரும் இடத்தை அச்சில் மார்க்கரால் குறித்து, படத்தின் தலையை அதற்கு நேராக வையுங்கள். இல்லாவிட்டால் சட்டையில் குத்தும்போது மிதிவண்டி சரிவில் இறங்குவது போல நிற்கும்.

இங்கே கோடைக்காலக் காற்றின் ஈரமும் ஒரு வில்லன். ஈரத் தாளை அழுத்தினால் பிறகு காய்ந்து ஃபிலிமுக்கு அடியில் நெளியும். முந்தின இரவே தாளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். இங்க்ஜெட் என்றால் ஒரு நாள் முழுக்க உலரட்டும். ஊசி துருப்பிடிக்காமல் இருக்கப் பின்பக்கத்தில் மட்டும் நிறமில்லா நகப்பூச்சு ஒரு பூச்சு. முன் விளிம்பில் தடவினால் உள்ளே ஊறித் தாளில் கறை விழும்.

சொந்தமாக இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பேட்ஜ் அடித்துத் தரும் கடைகளில் முதலில் அச்சு அளவைக் கேளுங்கள், அதற்கப்புறம் வரையுங்கள்.

டர்பன்_கைவேலை

768 ஆக்கியதும் சக்கரம் வட்டமாகிவிட்டது, நன்றி அண்ணா. என் தாள் 160 ஜி.எஸ்.எம், சுருக்கத்தின் காரணமும் தெரிந்தது. கிராமத்து அறிவிப்புப் பலகைகளுக்கு எந்த எழுத்துரு?

பீனிக்ஸ்_வரைகலை

ஆல்பர்ட்டஸ். பெர்த்தோல்ட் வோல்ப் மோனோடைப்புக்காக 1930-களில் வரைந்தது. ஆனால் தொடரில் அதை மாற்றியிருக்கிறார்கள். ஆங்கிலச் சிறிய ஐ (i), ஜே (j) இரண்டுக்கும் மேல் புள்ளி கிடையாது, சிறிய ஈ-யின் (e) மூடிய வளையம் திறந்திருக்கும். எழுத்துருவை நிறுவி அப்படியே தட்டச்சு செய்தால் பலகை தவறாகிவிடும். சொற்களை வெளிக்கோடாக மாற்றி, புள்ளிகளை நீக்கி, ஈ-க்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள்.

எண் 6-ஐ அந்த எழுத்துருவிலிருந்து எடுத்து பேட்ஜில் போட்டுவிடாதீர்கள். டிஜிட்டல் பதிப்புக்குப் பதிப்பு அதன் வளைவு மாறுகிறது. சட்டகத்தின் மேல் வரைந்ததையே வைத்துக்கொள்ளுங்கள்.