ஸ்க்ரோல் செய்தால் பானை எழும்: இது தேவையா, வெட்டி வேலையா?

சுழல்கோடு:
எட்டு வருடமாகத் தனியாளாக வெப்சைட் செய்து பிழைக்கிறேன். போன மாதம் மண்பாண்டம் செய்யும் ஒருவருக்கு ஒரு தளம் செய்தேன். முதல் பக்கத்தில் சக்கரத்தின் மேல் ஒரு களிமண் உருண்டை. ஸ்க்ரோல் செய்யச் செய்ய அது சுழன்று, மெல்ல எழுந்து, கழுத்து குறுகி, வாய் விரிந்து பானையாகும். எஸ்விஜி என்ற, கோடுகளாகவே வரையும் பட வடிவத்தில் அந்தக் கோடுகளை உருமாற்றிச் செய்தது. பதினோரு ராத்திரி உட்கார்ந்தேன். அதில் நான்கு ராத்திரி கழுத்து குறுகும் அந்த ஓர் இடத்துக்கே போனது, ஏனென்றால் களிமண் ஒரே வேகத்தில் எழாது, விரல் அழுத்தும் இடத்தில் கொஞ்சம் தயங்கி அப்புறம்தான் எழும். அந்தத் தயக்கம் திரையில் வந்த நொடியில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

வாடிக்கையாளருக்கும் பிடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு மெசேஜ்: "விலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள், பானையை எடுத்துவிட்டு ஒரு போட்டோ போட்டுவிடுங்கள்." எடுத்துவிட்டேன். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் மேலே ஒரு பெரிய படம், நடுவில் மூன்று பெட்டி, கீழே ஒரு படிவம் என்று எல்லாத் தளமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் போதும் என்றால் நான் எதற்கு, டெம்ப்ளேட்டே போதுமே?

வெறும்_எச்டிஎம்எல்:
உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறதே. பானை வாங்க வந்தவருக்குப் பானை எப்படிப் பிறக்கிறது என்று பாடம் எடுத்திருக்கிறீர்கள்.

பிரவுசரில் அசையும் படம் ஓட்டிய அந்த ஃபிளாஷ் மென்பொருளின் காலத்திலேயே இதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. தளத்தைத் திறந்தால் லோடிங் சதவீதம் ஏறும், அப்புறம் எழுத்துகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வரும், மூலையில் 'ஸ்கிப் இன்ட்ரோ' என்று ஒரு பட்டன் இருக்கும். நான் தேடித் தேடி அழுத்தியது அந்த ஒரு பட்டனைத்தான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்துவிட்டது. ஆனால் 1990களில் யாரோ எழுதிவைத்த வெறும் எச்டிஎம்எல் பக்கம் இன்றைக்கும் அப்படியே திறக்கிறது.

சுழல்கோடு:
ஃபிளாஷ் செத்தது அசைவால் இல்லை. ஒரு கம்பெனியின் கையில் இருந்த பிளகின், பாதுகாப்பு ஓட்டைகள், போன் பேட்டரியைத் தின்னும் குணம், இதெல்லாம்தான். ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல் பகிரங்கக் கடிதம் எழுதியதும் இதைச் சொல்லித்தான். இப்போது நான் உபயோகிப்பது எஸ்விஜியும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும், பிரவுசரின் சொந்தச் சரக்கு. அப்புறம், ஃபிளாஷ் போலவே நடந்துகொள்ளும் ரஃபிள் என்ற எமுலேட்டர் இருக்கிறது. அதை வைத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய ஃபிளாஷ் வேலைகள் எத்தனையோ இன்றும் ஓடுகின்றன. யாருக்கும் வேண்டாத ஒன்றுக்காகவா அவ்வளவு மெனக்கெட்டார்கள்?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஒரு பெட்டியை இங்கிருந்து அங்கே ஒரே சீரான வேகத்தில் நகர்த்துங்கள், யாரோ கயிறு கட்டி இழுப்பது போலத்தான் இருக்கும். அதே பெட்டி, அதே தூரம், அதே 300 மில்லிசெகண்ட், க்யூபிக்-பெசியர் என்ற வேக வளைவில் நான்கு எண்களை மட்டும் மாற்றுங்கள். வேகமாகக் கிளம்பி, இடம் வந்ததும் தானாக அடங்கும். எடை வந்துவிடும், சில சமயம் கூச்சம்கூட வந்துவிடும். நான்கு எண்கள்! இதற்கு மேல் சந்தோஷம் தரும் வேலை எனக்குத் தெரியவில்லை.

வேகமும் பிரச்சினை இல்லை. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட். டிரான்ஸ்ஃபார்மையும் (நகர்த்துவது, சுழற்றுவது, அளவு மாற்றுவது) ஒபாசிட்டியையும் (எவ்வளவு மங்கித் தெரிவது) மட்டும் அசைத்தால் பிரவுசர் பக்கத்தைத் திரும்ப அளக்கவும் வேண்டாம், திரும்ப வரையவும் வேண்டாம், பழைய போனிலும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

வெறும்_எச்டிஎம்எல்:
இங்கேதான் பிடித்தேன். உங்கள் பானை டிரான்ஸ்ஃபார்மில் எழவில்லையே! கோட்டையே உருமாற்றுகிறேன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எஸ்விஜி பாதையின் வடிவம் மாறினால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் திரும்ப வரைந்தாக வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட் வேறு நடுவில் கணக்குப் போட வேண்டும். நீங்கள் சொன்ன நல்ல விதி உங்கள் வேலைக்கே பொருந்தவில்லை. எவ்வளவு பெரிய பானை அது?

சுழல்கோடு:
முழுத் திரை. சரி, அந்த அடி எனக்குத்தான்.

ஓரக்கண்:
எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உள்காதில் கோளாறு, ஸ்க்ரோலோடு சேர்ந்து பெரிய உருவம் ஏதாவது சுழன்றால் குமட்டிக்கொண்டு வரும், சில நாள் சாயங்காலம்வரை சரியாகாது. நான் ஒருத்தி மட்டும் இல்லை. 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பைத் திறந்தால் திரை பாய்ந்து பெரிதாகும் அசைவில் பலருக்குத் தலைசுற்றியது. அடுத்த மாதம் வந்த 7.0.3-ல் அதற்குப் பதிலாக மெல்ல மங்கி மாறும்படி வைத்துக்கொள்ள ஆப்பிள் வழி செய்தது. வெப்பிலும் அதற்கு ஏற்பாடு உண்டு, பல வருடமாக. ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்று ஒரு மீடியா க்வெரி. என் போனில் அசைவைக் குறை என்று நான் வைத்திருப்பதை உங்கள் தளத்துக்கு அது சொல்லிவிடும். கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

ஒரே கேள்வி: பானைத் தளத்தில் கேட்டீர்களா?

சுழல்கோடு:
இல்லை. மற்ற தளங்களில் போடுவேன், இதில் கடைசியில் சேர்க்கலாம் என்று வைத்து மறந்துபோனது. மன்னிக்க வேண்டும்.

ஓரக்கண்:
மன்னிப்பு வேண்டாம், "கடைசியில்" என்ற வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்துக்கு நான்கு ராத்திரி ஒதுக்கியவர் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. செய்து முடித்த பானையை அசையாமல் காட்டுங்கள், அழகாகத்தானே வரைந்திருப்பீர்கள்.

கல்லாப்பெட்டி:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன், உங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பவன். தளம் ஆடுவதோ பாடுவதோ எனக்குப் பிரச்சினை இல்லை. செய்து கொடுத்தவர் போன பிறகு அதில் கை வைக்க யாரும் வர மாட்டேன் என்பதுதான் பிரச்சினை. முன்பு ஒருவர் அருமையாக ஒன்று செய்து கொடுத்தார். எங்கள் லோகோ மாறியது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அடுத்து வந்த இரண்டு பேரும் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்துவிட்டு ஆளைவிட்டால் போதும் என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு வருடம் பழைய லோகோவே ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் மாற்றும்படி கொடுங்கள், அப்புறம் என்ன வேண்டுமானாலும் சுழற்றுங்கள். லாட்டி என்று, டிசைனர் வரைந்த அசைவை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாகக் கொடுத்தால் டிசைனர் ஒருவரே மாற்றிவிடலாம் என்கிறார்களே?

சுழல்கோடு:
கொடுக்கலாம். ஆனால் லாட்டியில் டிசைனர் வரைந்த அசைவை முன்னும் பின்னும் ஓட்டலாம், நடுவில் விரலுக்கு ஏற்ப வடிவம் வளைவது கஷ்டம். (அந்தப் பெயர் லாட்டே ரைனிகருடையது. காகிதத்தைக் கத்தரியால் வெட்டி நிழலுருவங்களை அசைத்து 1926-லேயே முழுநீளப் படம் எடுத்தவர். 2017-ல் ஏர்பிஎன்பி இதை வெளியிட்டபோது அவர் பெயரை வைத்தார்கள். ஒரு டெக் கம்பெனி நல்ல பெயர் வைத்ததே அபூர்வம்.) நான் எழுதியது ஜிசாப் என்ற, அசைவுக்கான ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில். அதன் உருமாற்றும் பிளகின் முன்பு சந்தா கட்டியவர்களுக்கு மட்டும், 2025-லிருந்து எல்லோருக்கும் இலவசம், பழகியவர்களும் நிறையப் பேர். எப்படி மாற்றுவது என்று ஒரு பக்கம் எழுதித் தரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது_டேப்:
இத்தனை நேரம் யாரும் கேட்காத ஒன்று. பானை எழும்போது பக்கம் நகர்ந்ததா, இல்லை குண்டூசி குத்தியது போல பின் போட்டு ஒரே இடத்தில் நிறுத்திவைத்தீர்களா?

சுழல்கோடு:
பின் போட்டிருந்தேன். நான்கு திரை உயரத்துக்கு.

மூன்றாவது_டேப்:
விஷயம் இதுதான். விரலால் தள்ளுகிறார்கள், பக்கம் நகரவில்லை, ஏதோ சுழல்கிறது. இரண்டு தரம் தள்ளிப் பார்ப்பார்கள், மூன்றாவது தரம் போன் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். விலை அதற்கும் கீழே. பானையின் மேல் யாருக்கும் வெறுப்பு வந்திருக்காது, வழியை மறித்துக்கொண்டு நின்றதுதான் குற்றம். ஸ்க்ரோல் அவர்களுடைய கை, அதை நீங்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது.

மற்றபடி வெறும்_எச்டிஎம்எல் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. பட்டியலில் ஒரு வரியை அழித்தால் மற்ற வரிகள் சட்டென்று மேலே குதித்துவிட்டால் எது போனது என்றே தெரியாது. 200 மில்லிசெகண்டில் நழுவி மேலே வந்தால் தெரியும். அதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

வெறும்_எச்டிஎம்எல்:
அந்த 200 மில்லிசெகண்டை எடுத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. அதைக் காட்டி நான்கு திரைக்கு அனுமதி வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். சுழல்கோடு, நேராகவே கேட்கிறேன், அந்தத் தளத்தை அவருக்காகச் செய்தீர்களா, உங்கள் போர்ட்ஃபோலியோவுக்காகச் செய்தீர்களா?

சுழல்கோடு:
இரண்டுக்கும்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துத்தான் அவரே என்னிடம் வந்தார், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று நாள் பதில் எழுதாததற்குக் காரணம், உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தேன், யாரும் காசு தரவில்லை. இப்போது பின் கிடையாது. பானை விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுப் பெட்டியில் இருக்கிறது, பக்கம் தன்பாட்டில் நகரும், அது கடந்து போகும் நேரத்தில் எழுந்து முடித்துவிடும். அசைவைக் குறை என்று வைத்திருந்தால் முடிந்த பானை அசையாமல் நிற்கும். கல்லாப்பெட்டி ஐயா சொன்னபடி ஒரு பக்கக் குறிப்பும் எழுதிவிட்டேன். வாடிக்கையாளரிடம் இன்னும் காட்டவில்லை. இங்கே முதலில் திட்டு வாங்கிவிடலாம் என்று லிங்க் போட்டிருக்கிறேன்.

ஓரக்கண்:
பார்த்தேன். நிற்கிறது. கழுத்து நன்றாக இருக்கிறது.

வெறும்_எச்டிஎம்எல்:
ஆறு வருடப் பழைய போனில் திறந்தேன். பானை பரவாயில்லை, விலை முதலில் தெரிகிறது. ஆனால் பானைக்குக் கீழே விழும் நிழல் திக்குகிறது. உருவம் மாற மாற நிழலுக்கு ஃபில்டரில் ப்ளர் போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதைப் புதிதாக மங்கலாக்க வேண்டியிருக்கிறது. நிழலை எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் யாருக்கும் எதுவும் குறையாது.

சுழல்கோடு:
நிழலை எடுக்க மாட்டேன். நிழல் இல்லாவிட்டால் பானை சக்கரத்தில் உட்காராது, அந்தரத்தில் மிதக்கும். மங்கலாகவே ஒரு பிஎன்ஜி படம் வரைந்து ஒட்டிவிடுகிறேன், பானை அகலும்போது அதை டிரான்ஸ்ஃபார்மில் அகலமாக்கினால் போதும். ராத்திரி மாற்றிவிட்டுச் சொல்கிறேன், அதே போனில் திறந்து பாருங்கள்.