மறுமொழி: 'மறுஈரப்படுத்தல்' வேண்டாம், 'மீளூறல்' என்று வைக்கலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> ரீவெட்டிங் என்பதற்கு 'மறுஈரப்படுத்தல்' போதுமே. நேரடியான சொல், மாணவருக்கும் உடனே புரியும்.

சென்னையிலிருந்து ஐயா எழுதிய இந்த வரிக்குத்தான் என் பதில். ரீவெட்டிங் என்பது, வடிகால் வெட்டிக் காயவிட்ட சதுப்பு மண்ணில் நீரை மீண்டும் ஏறவிடுவது. ஐயா ஆக்கித் தந்த சொற்கள் பலவற்றை நான் நன்றியோடு புழங்குகிறேன். ஆனால் இந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங்கில் இருப்பவன், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையை, அதாவது களப்பணியைக் கண்காணித்தவன். அந்த நிலத்தில் நடப்பது ஒன்று, இந்தச் சொல் காட்டுவது வேறொன்று.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோல லங்காட் வட்டாரத்தில் பல தோட்டங்கள் மலாயில் 'தானா கம்புட்', ஆங்கிலத்தில் 'பீட்' எனப்படும் மண்மேல் நிற்கின்றன. கையில் அள்ளினால் மண் என்றே தோன்றாது. கறுப்பாக, நார் நாராக இருக்கும். நடுவே விரல் பருமனில் மரத்துண்டு மரத்துண்டாகவே கிடக்கும். பிழிந்தால் தேத்தண்ணி நிறத்தில் நீர் சொட்டும். சதுப்புக்காட்டில் விழுந்த மரமும் இலையும் வேரும் நீருக்கடியில் காற்றுப் படாமல், முழுக்க மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீட்டர் கணக்கில் சேர்ந்த மண் இது. நம் பட்டியலில் இதற்கு 'முற்றா நிலக்கரி' என்று இருக்கிறது. நிலக்கரி என்றாலே தோண்டி எரிக்கிற பொருள் என்றுதான் மனத்தில் படும். இங்கே இது எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1997-லும் 2015-லும் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறப் பார்த்துவிட்டோம். 'சதுப்புநிலம்' என்று பொதுவாக எழுதினாலும் போதாது. கேரித் தீவின் கண்டல் காடும் சதுப்புதான், 2021-இல் சிலாங்கூர் அரசு வனத்தகுதி நீக்கத்தைத் திரும்பப் பெற்ற கோல லங்காட் வடக்கு வனக்காப்பகமும் சதுப்புதான். இரண்டின் மண்ணும் வேறு. ஆகவே 'மக்காமண்' என்கிறேன். தமிழ்நாட்டில் மக்காத குப்பை என்றால் பிளாஸ்டிக் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். மண் என்று சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இந்த மண்ணில் செம்பனை நட வேண்டுமானால் முதல் வேலை கான் (வடிகால்) வெட்டி நீரை வடிப்பது. நீர் இறங்கியதும் மேல்மண்ணுக்குள் காற்று புகும், அதுவரை மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கும், அதிலிருந்த கரிமம் கரியமில வாயுவாக மேலே போகும். ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2013-இல் வெளியிட்ட ஈரநில வழிகாட்டியில் செம்பனை நிற்கும் வெப்பமண்டல மக்காமண்ணுக்கு ஹெக்டருக்கு ஆண்டுக்கு 11 டன் கரிமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கரியமில வாயுவாகச் சொன்னால் ஏறக்குறைய 40 டன்.

வாயு கண்ணுக்குத் தெரியாது, நிலம் இறங்குவது தெரியும். கான் வெட்டிய முதல் ஐந்தாண்டுகளிலேயே ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக்கூடும், பிறகும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே போகும். மரத்தின் அடிவேர் மண்ணுக்கு மேலே வந்துவிடும். பிடிமானம் போன மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடி, கொண்டையை மட்டும் வளைத்து மேலே நிமிர்த்தும். அந்த மரத்தில் குலை வெட்டுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், 'மண்ணு இறங்கிப்போச்சு' என்பார். சப்சைடன்ஸுக்கு 'மண்ணிறக்கம்' என்ற சொல் தோட்டத்திலேயே கிடைக்கிறது. 'அமுங்கல்' என்று நம் உரையாடல் இழையில் ஒருவர் எழுதியிருந்தார். மண் அமுங்குவது பாதிக் கதைதான். மீதி, மண்ணே மக்கிக் காற்றாகப் போய்விடுவது. 'இறக்கம்' இரண்டையும் தாங்கும்.

இப்போது ஈரப்படுத்தலுக்கு வருகிறேன். ஈரப்படுத்துவது என்றால் மேலிருந்து நீரைத் தெளிப்பது. மக்காமண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே விழும் நீரை உள்ளே வாங்காது, வழியவிட்டுவிடும். அதுவும் போக, கோல லங்காட்டில் மழைக்கு என்ன குறை? பெய்த மழையை நிற்கவிடாமல் கான் இழுத்துக்கொண்டு போனதால்தான் இந்த மண் கெட்டது. ஆகவே மீட்கிற வேலையும் கானில்தான் நடக்கிறது. மணல்மூட்டை அடுக்கியோ மரப்பலகை இறக்கியோ கானை இடைக்கிடை மறிக்கிறார்கள். ஒரே பெரிய அடைப்பாகப் போட்டால் நீர் பக்கவாட்டில் மண்ணை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். அதனால் படிப்படியாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீர்மட்டம் கொஞ்சமே வேறுபடும்படி வரிசையாகப் போட வேண்டும். மறித்தபின் நிலத்தடி நீர் தானாகக் கீழிருந்து மேலே ஏறும்.

இந்த அடைப்புக்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. தஞ்சைப் பக்கத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே கழியும் வைக்கோலும் மண்ணும் வைத்துப் போடுவதைக் 'கொரம்பு' என்பார்கள். கானைக் 'கொரம்பிடுதல்' என்று தாராளமாக எழுதலாம். சிலாங்கூரின் வடக்கே ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து கான்களை மறித்து, மஹாங் போன்ற மரங்களை நட்டு வருகிறார்கள். அந்த வேலையைத் தமிழில் எழுதும்போது கொரம்பு என்ற சொல் இயல்பாக உட்காரும்.

சரி, ரீவெட்டிங்குக்கு என்ன சொல்? 'நீர்த்தேக்கல்' என்றால் அணையும் குளமும் நினைவுக்கு வரும். நிலம் குளமாக வேண்டியதில்லை, நீர் மண்ணின் மேற்பரப்பையொட்டி நின்றால் போதும். 'நீர்நிறுத்தல்' வயலுக்கு நல்ல சொல். ஆனால் சிலாங்கூரில் 'நீர் நிறுத்தம்' என்றால் குழாயில் தண்ணீர் வராத நாள். நான் முன்வைப்பது 'மீளூறல்'. கிணறு ஊறுகிறது என்கிறோம், அரிசி ஊறுகிறது என்கிறோம். முன்னதில் நீர் கீழிருந்து சுரந்து ஏறுகிறது, பின்னதில் பொருள் நீரை உள்ளுக்குள் வாங்குகிறது. மக்காமண்ணில் இந்த இரண்டுமே நடக்கிறது. ஈரப்படுத்தலில் செய்பவர் முன்னால் நிற்கிறார், ஊறலில் மண்ணும் நீரும் நிற்கின்றன. 'மீளூறிய நிலம்', 'மீளூறச் செய்தல்' என்று தடங்கலில்லாமல் கிளைக்கவும் செய்கிறது. செய்தித்தாளில் 'சாராய ஊறல்' வருகிறதே என்று ஒரு தங்கை தனிமடலில் கேட்டார். 'மீள்' முன்னால் நிற்கும்போது அந்த நினைப்பு எழாது என்பது என் கணிப்பு. மற்றவர்களும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டங்களில் நீரை மண்ணுக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டரில் வைத்துப் பராமரிப்பதை மீளூறல் என்று எழுதவிடக் கூடாது. அது 'நீர்மட்டப் பராமரிப்பு'. இழப்பைக் குறைக்கும், நிறுத்தாது. துளையிட்ட குழாயை மண்ணில் இறக்கி உள்ளே நீர் எங்கே நிற்கிறது என்று அளந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். செம்பனை எண்ணெய்க்கு நிலைத்தன்மைச் சான்று தரும் அமைப்பான ஆர்எஸ்பிஓ 2018 நவம்பரில் மக்காமண்ணில் புதிதாக நடுவதையே விலக்கிவிட்டது. ஏற்கெனவே நட்ட இடத்தில் மறுநடவுக்கு முன் இனியும் நீரை வடிக்க முடியுமா என்று ஆய்வு செய்யச் சொல்கிறது. அந்த ஆய்வில் தேறாத நிலம்தான் மீளூறலுக்கு வரப்போகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அரைகுறை வேலைக்கெல்லாம் முழுப் பெயர் கிடைத்துவிடும்.

மீளூறினால் மண்ணின் சத்து என்ன ஆகும் என்றும் குழுவில் கேட்டிருந்தீர்கள். வடிந்த மக்காமண்ணில் மண் மக்கும்போது தழைச்சத்து தானாக விடுபடுகிறது. அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது, அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுதான். பொட்டாஷ், செம்பு, துத்தநாகம், போரான் ஆகியவற்றுக்கோ எப்போதும் தட்டுப்பாடு. மீளூறியதும் கணக்கு மாறுகிறது. காற்று வெளியேறும்போது இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து நீரில் கலக்கக்கூடும். ஐரோப்பாவில் நெடுங்காலம் உரமிட்ட நிலங்களில் இது பெரும் தொல்லையாகி, சில இடங்களில் மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகுதான் நீரை ஏற்றினார்கள். இதைப் 'பாஸ்பரஸ் கசிவு' என்றாலே போதும். மீத்தேனும் எழும். ஆனால் மீத்தேன் வளியில் பன்னிரண்டு ஆண்டு போல இருந்து அழிந்துவிடும், கரியமில வாயு அப்படிப் போகாது. மீத்தேனைக் காட்டி மீளூறலைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

பாலுடிகல்ச்சர் மட்டும் மிச்சம் இருக்கிறது. நீரை வடிக்காமலே அந்த நிலத்தில் பயிர் செய்வது. 'ஊறுநிலச் சாகுபடி' என்று தோன்றுகிறது. சரவாக்கில் முக்கா, டாலாட் பக்கம் மெலனாவ் மக்கள் சாகோப் பனையை அப்படித்தான் வளர்க்கிறார்கள். அங்கே பணியாற்றும் ஆசிரியர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். சாகோத் தோப்பில் நீர் எந்த அளவில் நிற்கிறது, அதை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு இந்தச் சொல்லைப் பட்டியலில் ஏற்றலாம்.