மீட்டருக்கு மட்டும் தனி எர்த் போடலாமா? இடியில் மறுபடியும் போச்சு

மாந்தோப்பு வீடு (வேப்பனப்பள்ளி):
வணக்கம். தோப்புக்குள் வீடு, கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் மேலாகவே வருகிறது. போன வருஷம் கோடை மழையில் மீட்டர் கருகி, மாற்றித் தந்தார்கள். இந்தச் சித்திரையில் மறுபடியும் டிஸ்ப்ளே போய்விட்டது, கூடவே இன்வெர்ட்டர் போர்டும். ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தும் பயனில்லை. எர்த் குழி வீட்டுக்குப் பின்னால், மீட்டர் முன்னால். ஒயரிங் பார்க்கிறவர் முன்பக்கம் புதுக் குழி எடுத்து, பழையதோடு சேர்க்காமல் மீட்டர் பெட்டிக்கு மட்டும் கொடுக்கலாம் என்கிறார். சரிதானா? இங்கே நாலடி தோண்டினாலே பாறை.

ஊத்தங்கரைக்காரன்:
முதலில் பழைய குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் காய்ந்து கிடந்தால் அது எர்த்தே இல்லை. கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேனல் வேலை (தருமபுரி):
தண்ணீர் ஊற்றுவது நல்லதுதான். ஆனால் கேட்டது வேறு. தனித்தனியாக விடவே கூடாது. கணக்கைப் பாருங்கள்: லைன் வழியாக 1,000 ஆம்பியர் வந்து 10 ஓம் தடையுள்ள குழியில் இறங்கினால், அந்த எர்த் 10,000 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். பக்கத்துக் குழி அவ்வளவு ஏறாது. இந்த வித்தியாசம் முழுக்க இரண்டுக்கும் நடுவில் மாட்டிய சாமான் மேல்தான் விழும். உங்கள் இன்வெர்ட்டர் போர்டு இப்படிப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. புதுக் குழி எடுங்கள், ஆனால் பழையதோடு கட்டாயம் இணையுங்கள்.

பாறை என்றால் இரண்டரை மீட்டர் பைப் இறங்காது. அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நீளமாக வாய்க்கால் வெட்டி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். 15 மீட்டராவது ஓடட்டும். தோப்பில் இடத்துக்கா பஞ்சம்!

எர்த் மட்டும் மீட்டரைக் காப்பாற்றாது. மின்னல் லைனிலிருந்து எர்த்துக்கு இறங்க வழி வேண்டுமே, அதற்குத்தான் எஸ்.பி.டி., அதாவது திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாமான். மேல்கம்பி சர்வீஸ் என்பதால் டைப் 1+2 (மின்னல் கரண்டையும் தாங்கும் வகை) வாங்குங்கள். மீட்டரை ஒட்டி, மெயின் ஸ்விட்ச் பெட்டியில் வரணும். அதன் ஒயர்கள் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். சுருட்டி வைக்கவே கூடாது. ஒரு மீட்டர் ஒயரிலேயே மின்னல் வேகத்துக்கு ஆயிரம் வோல்ட் கூடிவிடும். ஈ.எல்.சி.பி. ஆளைக் காக்க வந்தது, இடிக்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாந்தோப்பு வீடு:
நன்றி அண்ணா. இன்னொன்று. வீட்டு போர்வெல் மோட்டாரும் இதே சர்வீஸில்தான் ஓடுகிறது. அதற்கும் சேர்த்தா?

பேனல் வேலை (தருமபுரி):
கட்டாயம். சப்மெர்சிபிள் தண்ணீருக்குள் இருப்பதால் அதுவே நல்ல எர்த். மின்னல் அந்த வழியைத் தேடிப் போகும். ஸ்டார்ட்டர் பெட்டியில் இன்னொரு எஸ்.பி.டி. வைத்து, அதன் எர்த்தை இரும்புக் கேசிங்கோடும் மோட்டார் எர்த்தோடும் கட்டுங்கள். பி.வி.சி. கேசிங் என்றால் மோட்டார் எர்த் ஒயர் மட்டும் போதும்.

மீட்டர் சீலை மட்டும் யாரும் தொடவேண்டாம். அதற்குள் வேலை இருந்தால் ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். நம் வேலை மீட்டருக்கு அப்புறம்தான். வேலை முடிந்ததும் எர்த் மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) அளந்துவிட்டுக் காசு கொடுங்கள், 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. எஸ்.பி.டி.யின் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் அது செத்துவிட்டது, மாற்றணும். ஒவ்வொரு பெரிய இடிக்கும் பிறகு ஒரு பார்வை பாருங்கள்.

ஊத்தங்கரைக்காரன்:
நேராக வீட்டு மேலேயே விழுந்தால்?

பேனல் வேலை (தருமபுரி):
அதற்கு இதெல்லாம் போதாது தம்பி, கூரையில் இடிதாங்கி வேண்டும். இடி கிட்டே வருவதற்கு முன்னாடியே இன்வெர்ட்டர், டிவி பிளக்கைக் கழற்றி வையுங்கள்.