மென்ஷனும் பதிலும்: வடிவமைத்தவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

ட்விட்டர் போன்ற குறும்பதிவுச் சேவைகளில் வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தை இந்த இழையில் எழுதுங்கள். எங்கள் குழுவில் அதிக வாக்குவாதம் எழுந்தது பயனர் பெயருக்கு முன்னால் வரும் @ குறியால்தான். பதிவு @ என்று தொடங்கினால் பதில், நடுவில் @ வந்தால் மென்ஷன், அதாவது ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, என்றது ஒரு தரப்பு. பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று நான் கடைசிவரை வாதாடினேன்.

என் வாதத்துக்கு ட்விட்டரின் வரலாறே துணை. 2006இல் அது தொடங்கியபோது @ வசதியே கிடையாது. பயனர்கள் தாமாக எழுதத் தொடங்கிய பிறகுதான் நிறுவனம் அதை இணைப்பாக்கியது. 2009 மே மாதம், நாம் பின்தொடராதவர்களுக்கு நம் நண்பர்கள் தரும் பதில்களையும் பார்க்கும் தெரிவை நீக்கினார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெயரில் தொடங்கும் பதிவு பதிலாகவே கருதப்பட்டுப் பலருக்குத் தெரியாமல் போகும் என்பதால், எல்லோருக்கும் தெரிய வேண்டியதாக இருந்தால் முன்னால் ஒரு புள்ளி வைத்து ‘.@’ என்று எழுதும் பழக்கம் பரவியது. ஒரு பதிவை யார் படிப்பார்கள் என்பதை ஒரு புள்ளி முடிவு செய்யும் நிலை வரலாமா? எந்தப் பதிவுக்குப் பதில் என்பதைத் தரவில் தனியாகச் சேமித்துவிட்டால் புள்ளிக்கே வேலையில்லை.

மறுமொழி 1

முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் பெயரை உரையிலிருந்து வெளியே எடுத்தால் இன்னொரு தொல்லை வருகிறது. ட்விட்டர் 2017 மார்ச்சில் பதில்களின் முன்னால் வரும் பெயர்களை, ஒரு பதிவுக்கு அன்று இருந்த 140 எழுத்து வரம்பின் கணக்கிலிருந்து நீக்கியது. எழுத இடம் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் கண்ணில் படாத பெயர்களை யாரும் நீக்குவதில்லை. எங்கள் சோதனைப் பதிப்பில் இருவர் விடிய விடிய விவாதித்தார்கள். எப்போதோ ஓரமாகப் பெயர் வந்த மூன்றாமவருக்கு ஒவ்வொரு வரிக்கும் அறிவிப்பு போனது. அவர் செயலியையே நீக்கிவிட்டார். அதன்பின் விதியை மாற்றினோம்: பதில், நேர் மேலே எழுதியவருக்கு மட்டுமே போகும். மற்றவர்கள் பெயர் பதில் எழுதும் பெட்டிக்கு மேலே மங்கலாகத் தெரியும், தொட்டால்தான் சேரும்.

மறுமொழி 2

தமிழில் பயனர் பெயர் வைக்க அனுமதித்த சேவையில் வேலை செய்தேன். ‘@மலர்விழி’ என்று எழுதினால் ‘@மலர’ வரைக்கும்தான் இணைப்பானது. பைத்தான் நிரல்மொழியில் சொற்களைக் கண்டுபிடிக்க வழக்கமாக எழுதும் தேடல் வடிவம் மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாகவே கருதாது. ‘ர்’ வந்ததும் நின்றுவிட்டது. அவற்றையும் சேர்த்தோம். உடனே ‘@மலர்விழிக்கு’ என்பது முழுவதும் ஒரு பயனர் பெயராகிவிட்டது! நம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டித்தானே வரும்? உருபுகளை வெட்டும் நிரல் எழுதலாம் என்றார்கள். நான் மறுத்தேன், ஏனென்றால் உருபு போலவே முடியும் பெயர்களும் இருக்கலாம்.

எழுதுபவர் பட்டியலிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். அவருடைய நிரந்தர அடையாள எண்ணையும், பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் உரைக்கு வெளியே சேமிக்கலாம் என்று முடிவானது. ப்ளூஸ்கை என்ற குறும்பதிவுச் சேவையிலும் இதே முறைதான். பெயரை மாற்றிக்கொண்டாலும் பழைய மென்ஷன் அறுபடாது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ‘மலர்விழி’ நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 8 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். செயலியும் சேவையகமும் வேறு வேறு கணக்கில் எண்ணினால் இணைப்பு பக்கத்துச் சொல்லின் மேல் போய் உட்காரும்.

மறுமொழி 3

மாஸ்டடான் என்ற குறும்பதிவுச் சேவையில் ஒரு பதிவைக் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் என்று அனுப்பினால், மென்ஷன்தான் பெறுநர் பட்டியல். என் தோழி வேறோர் ஆளைப் பற்றித் தனியாக என்னிடம் அப்படிப் புலம்பினார். அந்த ஆளின் @ முகவரியையும் வரிக்குள் எழுதியிருந்தார். செய்தி அந்த ஆளுக்கே போய்ச் சேர்ந்தது. தோழியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒருவரைப் பற்றிப் பேசுவதும் ஒருவரிடம் பேசுவதும் ஒரே குறிக்குள் அடைக்கப்பட்டதால் வந்த வினை இது. இத்தனைக்கும் மாஸ்டடான் சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் பெறுநருக்குத் தனிப் புலம், மென்ஷனுக்குத் தனிப் புலம் உண்டு. பிரித்து வைக்க எந்தத் தடையும் இல்லை. நான் இப்போது வேலை செய்யும் செயலியில் தனிச்செய்திக்குள் @ இட்டால் அது வெறும் இணைப்புதான். ஆளைச் சேர்க்க வேண்டுமானால் ‘பெறுநர்’ வரியில்தான் சேர்க்க முடியும்.